சுந்தராம்பாளின் அக்கா

எங்கள் பக்கம் முத்துலட்சுமி ரெட்டி என்றால் பிரசவப் பணம்தான். "முத்துலட்சுமி பணம் ஏறிருச்சா?" என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பார்கள். அப்புறம், அவர் எங்கள் புதுக்கோட்டையில் பிறந்தவர், மகாராஜா கல்லூரியில் பையன்களோடு படித்தவர் என்று பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தது கொஞ்சம் மிச்சம் இருந்தது. 2016 வரை எனக்கு அவ்வளவுதான்.

அந்த வருடம் சித்திக்கு மலத்தோடு ரத்தம் போனது. ஊரில் பார்த்த டாக்டர், மூல வியாதி என்றார். களிம்பு, மாத்திரை, காரம் கூடாது. ஏழு மாதம் ஓடிவிட்டது. ரவிக்கை தோளில் நிற்காமல் சித்தி ஊக்கு குத்திக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் திருச்சிக்குப் போய் ஸ்கோப் பார்த்தோம். மலக்குடலில் கட்டி. அங்கிருந்து நேரே சென்னை, அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி.

முதல் நாள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் திண்டிவனத்துக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். மனைவியைச் செக்கப்புக்கு அழைத்து வந்திருந்தார். ஏழு மாதத்தை வீணடித்துவிட்டோமே என்று நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "இது ஒரு தங்கச்சிய பறிகொடுத்த அக்கா கட்டுன ஆஸ்பத்திரி தம்பி. அந்தத் தங்கச்சிக்கும் இதேதான்" என்றார்.

சுந்தராம்பாள். முதலில் சீதபேதி என்றுதான் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். மலக்குடல் புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923இல் போய்விட்டார். அக்கா முத்துலட்சுமியோ 1912லேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிய டாக்டர். டாக்டர் இருந்த வீட்டிலேயே பிடிபடாத நோய். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது அப்போதுதான்.

ஆனால் அவர் உடனே ஆஸ்பத்திரி கட்டிவிடவில்லை. சட்ட மேலவை, தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம் என்று எத்தனையோ வேலைகள். இதையும் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது. அப்போது அவருக்கு வயது 67. தங்கை இறந்து 31 வருடம்! என்னால் ஒரு கோபத்தைக்கூட அத்தனை நாள் வைத்திருக்க முடியாது.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மா 2021இல் மறையும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. அவரை ஒருமுறை தாழ்வாரத்தில் பார்த்தேன். மெல்ல நடந்து வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முடியாதவர்கள் கையை மட்டும் குவித்தார்கள்.

சித்தி இப்போது நன்றாக இருக்கிறார். ஊறுகாயை ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது.

ஆபரேஷனுக்கு முந்தைய இரவு வாத்தியார் சொன்ன கதையைச் சித்தியிடம் சொன்னேன். வெகு நேரம் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்று விளக்கை அணைக்கப் போனேன்.

"அந்தப் புள்ளையும் வெளிய சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கும்" என்றார்.