ரிவர்ஸ் பிராக்சிக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கான செய்முறைக் குறிப்பை வெள்ளிக்கிழமை டிடிபிக்குக் கொடுத்தாக வேண்டும். பழைய கணினியை வீட்டு வழங்கியாக்கி (சர்வர்), திசைவியில் (ரௌட்டர்) 80, 443 துறைகளை (போர்ட்) அந்தக் கணினியின் வீட்டு முகவரியான 192.168.1.10-க்குத் திருப்பிவிடுகிறோம். அங்கே என்ஜின்எக்ஸ் என்ற வழங்கி மென்பொருள், கேட்ட தளப்பெயரைப் பார்த்து ஒரு தளத்துக்கானதை 8080 துறைக்கும் மற்றதை 3000 துறைக்கும் அனுப்புகிறது. இதைப் 'பதிலி' என்றால் ஸ்க்விட் என்ற சாதாரணப் பிராக்சி மென்பொருளோடு குழம்புகிறார்கள். அது உள்ளிருப்பவருக்காக வெளியே போய்க் கேட்பது. இது வழங்கியின் சார்பில் வருபவரை எதிர்கொள்வது. 'எதிர்ப்பதிலி' என்றால் பதிலியைத் தடுப்பது போல் ஒலிக்கிறது. சொல் தாருங்கள்.
— காட்பாடி

ஐயா, 'பதில்' என்பதே அரபு 'பதல்' வழி வந்தது. நம்மிடம் 'வாயில்' இருக்கிறதே! தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூது நிற்பவரைத் தொல்காப்பியர் கற்பியலில் வாயில்கள் என்கிறார். தோழி, பாணன், விருந்தினர் எல்லாரும் அதில் உண்டு. பாணன் தலைவனுக்காகப் போய்ப் பேசுகிறான், தலைவி மறுக்கிறாள்: வாயில் மறுத்தல். 'அனுமதி இல்லை' என்னும் 403 பிழைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? அகத்திணையில் 'துறை'யும் உண்டு, உங்கள் திசைவியிலும் துறை உண்டு. பாணனைப் போல வெளியே போய்க் கேட்கும் ஸ்க்விட் 'செல்வாயில்', உங்களுடையது 'ஏற்புவாயில்'.
— குடியாத்தம்

பதல் எங்கள் வீட்டுச் சொல். பாக்கி, வசூல், தாசில்தார் எல்லாம் இந்த ஜில்லாவில் எவருக்கு அந்நியம்? பிள்ளைக்குப் புரிகிற சொல்லைப் பிறப்புச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள்.
— வாணியம்பாடி

வாயில் அழகுதான். ஆனால் கேட்வேயை 'நுழைவாயில்' என்று எழுதிப் பழகிவிட்டோமே. திசைவியே நுழைவாயில், அதற்குப் பின்னால் இன்னொரு வாயிலா? வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், தேவாலயம், அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. அகழியைத் தாண்டிப் போக வழி ஒன்றுதான். அந்த வழி திசைவி. உள்ளே வந்தவரிடம் 'எங்கே போகணும்?' என்று கேட்டு அனுப்புகிற ஆளுக்குத்தான் பெயர் வேண்டும். 'முகப்புப் பதிலி' என்கிறேன்.
— சத்துவாச்சாரி

சொல் எதுவானாலும் குறிப்பில் ஒரு வரி சேருங்கள். திசைவியின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் வெளிப்பக்க (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், அது இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவது. துறையைத் திருப்பியும் வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. பிள்ளைகள் தங்கள் அமைப்பில்தான் தவறென்று இராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.
— ஆரணி

ஆரணி சொன்னதைத் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன். மூவர் சரி என்றதால் 'முகப்புப் பதிலி' என்றே அச்சுக்குப் போகிறது.
— காட்பாடி

என் மறுப்பு இருக்கட்டும். 'முகப்புப் பக்கம்' (ஹோம் பேஜ்) என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பைத் திறக்கும் பிள்ளை இரண்டையும் எப்படிப் பிரித்தறிவான்? அடுத்த பதிப்புக்கு முன் பாணனைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.
— குடியாத்தம்