சீரற்ற பகடை, கூட்டுத்தொகை 7: விடை 1/6 எப்படி? அவசரம்

அல்சூர்_அப்பா:
மகள் இரண்டாம் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு), நாளைக் காலையில் டியூஷனில் டெஸ்ட். பகடையில் 6 விழ மற்ற எண்களைவிட இரு மடங்கு வாய்ப்பு, கூட்டுத்தொகை 7 வர நிகழ்தகவு என்ன என்பது கணக்கு. அவளுக்கு 8/49 வருகிறது, விடைத்தாளில் 1/6 என்று இருக்கிறது. சாதாரணப் பகடைக்குத்தானே 1/6? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஜெயா_ஜெயநகர்:
எத்தனை பகடை சார்? ஒன்றையே இரண்டு தடவை உருட்டுவதா? கேள்வியை அப்படியே போடுங்கள்.

கணக்குப்புலி:
கட்டம் போட்டு எண்ணுவதெல்லாம் எட்டாம் வகுப்போடு முடிய வேண்டும், இங்கே எத்தனை தடவை சொல்வது? இரண்டு பகடையிலும் 1 முதல் 5 வரை வாய்ப்பின் எடை 1, 6-க்கு எடை 2. இவற்றைக் கெழுக்களாக வைத்துப் பல்லுறுப்புக்கோவை எழுதி வர்க்கப்படுத்தினால் 7-ஆம் அடுக்கின் கெழு 8, மொத்த எடை 49. விடைத்தாள்தான் தப்பு.

ஒயிட்ஃபீல்ட்_ராஜா:
பைத்தானில் நிரல் எழுதிப் பத்து லட்சம் முறை ஓட்டிப் பார்த்தேன், 0.163 பக்கம்தான் நிற்கிறது. நூறு தடவை உருட்டினால் 1/6-க்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது.

மீனாட்சி:
புலி சார், கட்டம் போட்டால் பிள்ளைக்குக் கண்ணெதிரே தெரியும். (1,6), (6,1) தலா 2, (2,5), (5,2), (3,4), (4,3) தலா 1, ஆக 8. இதில் என்ன குறை?

கணக்குப்புலி:
மூன்று பகடை வந்தால் 216 கட்டம் போடுவீர்களா?

தாயம்_சேகர்:
கடையில் வாங்கும் பகடையே சீரானதில்லை. ஆறு குழி தோண்டிய பக்கம் லேசாகி மேலே வந்துவிடும். 1894-இல் வெல்டன் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 12 பகடைகளை 26,306 முறை உருட்டினார், 5-உம் 6-உம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே விழுந்தன. நம்ம பித்தளைத் தாயக்கட்டையிலும் தேய்ந்த பக்கம் இருக்கும்.

ஒயிட்ஃபீல்ட்_ராஜா:
கேசினோப் பகடையில் குழியை அதே அடர்த்திப் பொருளால் நிரப்பிவிடுகிறார்கள், எல்லாப் பகடையையும் சேர்த்துச் சொல்லாதீர்கள்.

தாயம்_சேகர்:
வீட்டில் யார் கேசினோப் பகடை வைத்திருக்கிறார்கள்?

ஜெயா_ஜெயநகர்:
அதை அப்புறம் பேசுங்கள். அல்சூர் சார், இரண்டு பகடையில் ஒன்று மட்டும் சீரற்றதா? அப்படியானால் 1/6 சரி. சீரற்றதில் எது விழுந்தாலும் 7-ஐ நிரப்ப மற்றதில் ஒரே ஒரு எண்தான் வேண்டும்: 6-க்கு 1, 2-க்கு 5. அது சீரான பகடை, எந்த எண்ணானாலும் 1/6-தான். 6 இரு மடங்கு விழட்டும், பத்து மடங்கு விழட்டும், இந்த விடை அசையாது.

கணக்குப்புலி:
கேள்வியில் இல்லாததைச் சேர்த்தால் எந்த விடையும் சரியாகும்.

அல்சூர்_அப்பா:
ஆமாம், தாளில் 'ஒரு சீரான பகடையும்' என்று இருக்கிறது. அவளுக்குப் புரிந்துவிட்டது. நன்றி ஜெயா மேடம்.

மீனாட்சி:
சார், இந்தச் சலுகை 7-க்கு மட்டும்தான் என்று சொல்லிவிடுங்கள். 12 கேட்டால் 2/7 × 1/6, அதாவது 1/21. இரண்டும் சீரான பகடையானால் 1/36.