தென் மொராவியா, 2021: ‘டொர்னாடோ’ என்ற சொல் ஏன் முன்கூட்டியே வரவில்லை?

மழைமுகில் எழுதியது:

வேலை நிமித்தமாகச் செக் நாட்டின் தென் மொராவியப் பகுதியில் உள்ள பிர்னோ நகருக்குக் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஹ்ருஷ்கி, மொராவ்ஸ்கா நோவா வெஸ், மிகுல்ச்சிட்சே, லுஷிட்சே ஆகிய ஊர்களையும் ஹொடோனீன் நகரின் ஒரு பகுதியையும் 2021 ஜூன் 24 மாலையில் ஒரு டொர்னாடோ சிதைத்துச் சென்றதில் 6 பேர் இறந்தார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். (மேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் காற்று இது. சூறாவளி என்று எழுதினால் கடலில் உருவாகும் புயலோடு குழம்பிவிடும் என்பதால் டொர்னாடோ என்றே எழுதுகிறேன்.)

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போயிருந்தேன். ஒரே தெருவில் ஒரு வரிசை வீடுகளுக்குப் புத்தம்புதிய சிவப்பு ஓடும், எதிர்வரிசையில் பாசி படிந்த பழைய ஓடும் இருந்தன. காற்று எந்த வழியாகப் போயிற்று என்பதை ஓட்டின் நிறமே காட்டியது. இடியுடன் கூடிய கடும் மழைக்கு எச்சரிக்கை இருந்தும், டொர்னாடோ என்ற சொல் மட்டும் மக்களை முன்கூட்டியே எட்டவில்லை என்கிறார்கள். அரிதாக வருவது என்பதால் அறிவியலுக்கே அது பிடிபடவில்லையா, அல்லது சொல்லத் தயங்கினார்களா?

வளிமண்டலம் எழுதியது:

முதலில் அறிவியலைப் பார்ப்போம். தரையருகே வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று, அதற்கு மேலே குளிர்ந்த காற்று, உயரம் கூடக் கூடத் திசையும் வேகமும் மாறும் காற்றோட்டம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமையும்போது, இடிமேகத்துக்குள் மேலெழும் காற்று சுழலத் தொடங்குகிறது. அத்தகைய மேகத்தைச் சூப்பர்செல் என்பார்கள். அன்று வந்ததும் அதுதான். சேதத்தை ஆராய்ந்தவர்கள் அந்த டொர்னாடோவைப் சேதத்தை வைத்து வலிமையை 0 முதல் 5 வரை மதிப்பிடும் பன்னாட்டு ஃபுஜிடா அளவுகோலில் ஐஎஃப்4 என்று தரப்படுத்தினார்கள். செக் நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் அதைவிட வலியது இல்லை.

ஆனால் சுழலும் மேகங்களில் சிறுபான்மையே தரைக்கு டொர்னாடோவை இறக்குகின்றன. ரேடார் நமக்குக் காட்டுவது மேகத்துக்குள் இருக்கும் சுழற்சியைத்தான். புவியின் வளைவால் தொலைவு கூடக் கூட ரேடார்க் கதிர் மேலே ஏறிவிடுவதால், தரையை ஒட்டி நடப்பது அதன் பார்வைக்கு அகப்படுவதில்லை. ஆகவே, ‘இன்று மாலை ஹ்ருஷ்கியில் டொர்னாடோ’ என்று காலையிலேயே எவராலும் சொல்லியிருக்க முடியாது. ‘மேகம் சுழல்கிறது, நிலவறைக்குப் போங்கள்’ என்று கடைசிச் சில நிமிடங்களில் சொல்வது வேறு வேலை. அதற்கு, ரேடார்த் திரையை அந்த எதிர்பார்ப்போடு பார்க்கும் பழக்கமும், உடனடியாக அந்தந்த ஊர்க் கைபேசிகளுக்குச் செய்தியைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடும் வேண்டும். அரிதாக வரும் ஊர்களில் இல்லாமல் போவது இவ்விரண்டும்தான்.

பழையகணக்கு எழுதியது:

தயங்கினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மொராவியாவைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் தயக்கமே பதிவாகியிருக்கும் நிகழ்வு ஒன்று உண்டு. 1953 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், டொர்னாடோ பழக்கமே இல்லாத வூஸ்டர் நகரை ஒன்று தாக்கி 94 பேரைக் கொன்றது. அதற்கு முந்தைய நாள்தான் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் 116 பேர் இறந்திருந்தார்கள். பாஸ்டன் வானிலை அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அன்று காலையிலேயே ஐயம் எழுந்திருக்கிறது. டொர்னாடோ என்ற சொல்லை அறிவிப்பில் சேர்க்கலாமா என்று பேசியிருக்கிறார்கள். மக்கள் பீதியடைவார்கள் என்று அஞ்சி, கடும் இடிமழை என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். மாலை ஐந்து மணியைத் தாண்டியதும் அது நகருக்குள் புகுந்தது. அது வாரிச்சென்ற பொருள்களின் சிதறல்கள், ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், பாஸ்டனை அடுத்த புளூ ஹில் வானிலை ஆய்வகத்தின் அருகே விழுந்தன. அந்த ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கணக்கிட வழியில்லை. ஆனாலும் 94 பேரின் முடிவை அவர்களிடம் கேளாமலே வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தணியவில்லை.

இன்னொன்று. ‘இங்கெல்லாம் டொர்னாடோ வராது’ என்பது செக் நாட்டுக்கும் பொருந்தாது. 1119 ஜூலை 30 அன்று தலைநகர் பிராகாவின் விஷெஹ்ராட் கோட்டையில் ஒரு சுழல்காற்று இளவரசரின் அரண்மனைச் சுவரை இடித்துத் தள்ளியதைக் கோஸ்மாஸ் என்ற மதகுரு தம் வரலாற்று நூலில் எழுதிவைத்திருக்கிறார். 2004இல் லிட்டோவெல் நகரையும் ஒன்று தாக்கியது. ஒரு தலைமுறை காணாமல் போனதை நாம் ‘வந்ததே இல்லை’ என்று சொல்லிவிடுகிறோம்.

கரையோரம் எழுதியது:

பழையகணக்கு அவர்களின் வருத்தம் புரிகிறது. ஆயினும் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். பழுத்த அனுபவம் உள்ள அமெரிக்காவிலேயே டொர்னாடோ எச்சரிக்கைகள் பத்தில் ஏழு அளவுக்குப் பொய்த்துப்போகின்றன. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் ஊரில் கோடைக்கு நான்கு முறை சைரன் ஒலித்தால், ஐந்தாம் முறை யார் எழுந்து போவார்கள்?

வளிமண்டலம் எழுதியது:

நியாயமான கேள்வி. அதனால்தான் 2007 முதல் அமெரிக்காவில் மாவட்டம் முழுவதற்கும் எச்சரிக்கை விடுவதை நிறுத்திவிட்டு, மேகம் போகும் பாதையை ஒட்டிய சிறு பரப்புக்கு மட்டும் விடுகிறார்கள். கனடாவின் எட்மன்டன் நகரையும் பாருங்கள். 1987 ஜூலை 31 அன்று அங்கு 27 பேர் இறந்தார்கள். அவர்களில் 15 பேர் நகர்த்தக்கூடிய வீடுகள் நிறைந்த ஒரே குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். அதன் பிறகு ஆல்பர்ட்டா மாகாணம், வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்பை இடைமறித்து எச்சரிக்கை சொல்லும் அமைப்பை உருவாக்கியது. பொய்த்துப்போகும் எச்சரிக்கைக்கு மருந்து அதைக் குறுகலாக்குவது, வாயை மூடிக்கொள்வதன்று.

தெற்குவாசல் எழுதியது:

நானும் பிர்னோவில்தான் இருக்கிறேன். 2021இல் டொர்னாடோ வந்த அந்த வாரக் கடைசியில் அந்த ஊர்களுக்குத் துப்புரவுக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டுத் தோட்டத்தில் நாள் முழுவதும் புல்லை வாரியால் சீவிக் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினோம். மறுநாள் போனால் வாரிய இடத்திலேயே மீண்டும் மின்னின. வீட்டுக்கார அம்மையார் சொன்னது மறக்கவில்லை. முதலில் ஆலங்கட்டி விழுந்ததாம். அது நின்றதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணி, காரின் கண்ணாடி தப்பியதா என்று பார்க்க வாசலுக்குப் போனாராம். இரைச்சல் கேட்டுத்தான் திரும்பி ஓடி, திராட்சை மதுவை வைக்கும் நிலவறைக்குள் இறங்கியிருக்கிறார். மேலே கூரை போய்விட்டது, அவர் பிழைத்தார். அங்கே பல வீடுகளுக்கு நிலவறை உண்டு, மழைமுகில். எப்போது இறங்குவது என்று சொல்லத்தான் ஆளில்லை.

மழைமுகில் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் குடியிருப்பிலும் தரைக்குக் கீழே ஆளுக்கொரு சிறு அறை இருக்கிறது. அதன் சாவி எங்கே என்று நேற்றிரவு தேடியபோது, பழைய மிதிவண்டிப் பூட்டோடு சேர்ந்து அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. கதவருகே ஆணியடித்து மாட்டிவிட்டேன். கீழே விளக்கு எரியவில்லை. காப்பாளரிடம் இன்று எழுதிக் கொடுக்கிறேன்.