வான் கூரைக்கு 550 வாற்ஸ் சோலர்: 13 அம்பியருக்கு மேல் ஏறவில்லை, பூட்டுவது எப்படி என்றும் சொல்லுங்கள்

பரந்தன் சந்தி:
வணக்கம். பழைய டொல்பின் வான் ஒன்றை உள்ளே படுத்துறங்கக்கூடிய மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரோடு மடு, மன்னார், முல்லைத்தீவு என்று சுற்றுவதற்கு. உள்ளே 12 வோல்ற் சின்னப் பிறிட்ஜ், இரண்டு ஃபான், லைற், போன் சார்ஜ். பற்றரி லொறிக்குப் போடுகிற ஈயப் பற்றரி, 100 அம்பியர்-மணி.

வீட்டுக் கூரைக்குப் போடும் 550 வாற்ஸ் பனல் ஒன்று வாங்கினேன். வாற்ஸ் கணக்கில் பார்த்தால் சின்னப் பனல்களைவிட மலிவு. பனலுக்கும் பற்றரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கொன்ரோலரும் அதே கடையில்தான், மேலே எம்.பி.பி.ரி (பனலின் முழுச் சக்தியையும் எடுக்கும் வகையாம்) என்று பெரிதாக எழுதியிருக்கிறது. முற்றத்தில் கிடத்தி நடுப்பகல் வெயிலில் பார்த்தால் 13 அம்பியர்தான் காட்டுகிறது. 550 ஐப் பற்றரி சார்ஜ் ஆகும் வோல்ற்றால் வகுத்தால் ஏறக்குறைய 40 வர வேண்டாமா? விடியப்புறம் பிறிட்ஜ் நின்றுவிடுகிறது. பனல் பழுதா?

இரண்டாவது, கூரையைத் துளைத்து நேரே ஸ்குரூ அடிக்கலாம் என்று கராஜில் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை. வேறு வழி உண்டா?

செம்மண்:
கண்ணாடியில் புழுதி இருக்கும். ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் நம் பக்கம் சிவப்புத் தூள்தானே. கழுவிவிட்டுப் பாருங்கள்.

பழைய வயர்மன்:
புழுதி கொஞ்சம் குறைக்கும், மூன்றில் இரண்டு பங்கைத் தின்னாது. தம்பி, கையில் மல்ரிமீற்றர் இருக்கிறதா? வெயில் நன்றாக இருக்கும்போது கொன்ரோலரின் பனல் முனைகளில் வோல்ற்றை அளவுங்கள். முதலில் எல்லாம் இணைத்தபடி, பற்றரி சார்ஜ் ஆகும்போது. பிறகு பனலைக் கழற்றி அதன் இரண்டு வயரிலும். இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள்.

பரந்தன் சந்தி:
அளந்தேன் அண்ணை. இணைத்திருக்கும்போது 13.6. கழற்றினால் 45.

பழைய வயர்மன்:
அப்போ பனல் சுகமாக இருக்கிறது. கொன்ரோலரில் எழுதியிருப்பதுதான் பொய். அது எம்.பி.பி.ரி இல்லை, சாதாரண பி.டபிள்யூ.எம்.

உங்கள் மாதிரிப் பனல் முழுச் சக்தியைக் கொடுப்பது ஏறக்குறைய 41 வோல்ற்றில், 13 அம்பியரோடு. உண்மையான எம்.பி.பி.ரி பனலை அந்த வோல்ற்றிலேயே வேலைசெய்ய விட்டு, பிறகு இறக்கி, அம்பியரைக் கூட்டித் தரும். பி.டபிள்யூ.எம் பனலை நேரே பற்றரியோடு கொழுவிவிடுகிறது, பனலும் 13.6 க்கு இறங்கிவிடுகிறது. 13 ஐ 13.6 ஆல் பெருக்குங்கள்: 177 வாற்ஸ். மீதி காற்றோடு போகிறது. இணைத்த நிலையில் பனல் பக்கமும் பற்றரி பக்கமும் ஒரே வோல்ற் என்றால் வேறு சாட்சி தேவையில்லை.

இன்னொன்று. மலிவு கொன்ரோலர்கள் பல 50 வோல்ற்றுக்கு மேல் தாங்காது, சில 25 ஐயே தாங்காது. உங்கள் பனல் சூடாக இருக்கும்போதே 45 காட்டுகிறது. மார்கழி விடியற்காலைக் குளிரில் 50 ஐத் தொடும். கெதியில் கழற்றுங்கள். 100 வோல்ற் தாங்கும், 12 வோல்ற் பற்றரிக்கு 40 அல்லது 50 அம்பியர் தரும் நல்ல எம்.பி.பி.ரி ஒன்று போடுங்கள். கையில் எடுத்தாலே தெரியும்: உள்ளே செப்புச் சுருளும் பின்னால் அலுமினிய இறக்கைகளும் இருப்பதால் பாரமாக இருக்கும்.

அதற்குப் பிறகும் 40 ஐ எதிர்பார்க்க வேண்டாம். 550 என்பது செல்லின் சூடு 25 பாகையில் இருக்கும்போது அளந்தது. நம் வெயிலில் 65 க்கு ஏறும், பாகைக்கு 0.35 வீதமளவில் குறையும். 30 அம்பியர் வந்தால் சந்தோஷப்படுங்கள். ஈயப் பற்றரிக்கு அதுவே கூட, 20 அல்லது 25 இல் நிற்கும்படி கொன்ரோலரில் செற் பண்ணுங்கள்.

பரந்தன் சந்தி:
நன்றி அண்ணை. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிறேன். பிறிட்ஜ் விடியும்வரை ஓடுமா?

பழைய வயர்மன்:
இந்தப் பற்றரியில் சந்தேகம்தான். லொறிப் பற்றரி எஞ்சினை ஸ்ராட் பண்ணச் செய்தது. இரவிரவாக வடித்தால் தட்டுகள் கெதியில் போய்விடும். பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அதாவது கையில் 50 அம்பியர்-மணிதான். பிறிட்ஜ் இரவுக்கு 20, இரண்டு ஃபானும் 30 கேட்கும். விளிம்பில் நிற்கிறீர்கள். காசு இருந்தால் 100 அம்பியர்-மணி லித்தியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரிக்கு மாறுங்கள். பனல் போதும், இரண்டாவது பனல் வாங்காதீர்கள்.

முல்லைக்கரை:
பூட்டுகிற விஷயம் நான் சொல்கிறேன், எங்கள் வானிலும் இதே அளவுப் பனல்தான். துளைக்க வேண்டாம். டொல்பின் கூரையின் இரு விளிம்பிலும் மழைநீர்ப் பீலி ஓடுகிறதே, அதைப் பிடிக்கும் கிளாம்புகளில் குறுக்குச் சட்டம் மூன்று போடுங்கள். பனல் 2.28 மீற்றர் நீளம், 1.13 அகலம், 28 கிலோவளவு. நீளவாக்கில் கிடக்கட்டும். சட்டகத்திலேயே துளைகள் இருக்கின்றன, அவற்றில் நைலோன் நட்டோடு போல்ட் போடுங்கள். புதிதாகத் துளைத்தால் உத்தரவாதம் போய்விடும்.

கூரைக்கும் பனலுக்கும் நடுவே ஐந்து சென்ரிமீற்றராவது விடுங்கள். காற்று ஓடினால் பனலும் குளிரும், கீழே படுப்பவருக்கும் சூடு குறையும். கூரையோடு ஒட்டுகிற வளையும் பனலை இதற்காகத்தான் நான் விரும்புவதில்லை, அது வெந்தே சாகும். சாய்த்து வைக்கவும் வேண்டாம். சித்திரையில் சூரியன் தலைக்கு நேர் மேலே, மார்கழியில் கொஞ்சம் தெற்கே, அவ்வளவுதான்.

கடற்கரைப் பக்கம் நிறுத்துவதென்றால் போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத உருக்கு. இரும்புச் சட்டமும் அலுமினியமும் தொடுமிடத்தில் றப்பர் வையுங்கள், உப்புக்காற்றில் அரித்துவிடும்.

செம்மண்:
மடுவில் ஆவணித் திருவிழாவுக்கு மரநிழல் தேடித்தானே எல்லோரும் நிறுத்துவார்கள், அப்போ கூரைப் பனல் சும்மா கிடக்குமே? குரங்குத் தொல்லை வேறு.

முல்லைக்கரை:
உண்மை. ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே பாதி போய்விடும். பொதி கட்டும் பெட்டியையும் பனலுக்குப் பக்கத்தில் உயர்த்தி வைக்காதீர்கள். நாங்கள் அங்கே போனால் வெயிலில் இரண்டு மணித்தியாலம் நிறுத்திவிட்டுப் பிறகு நிழலுக்கு எடுப்போம். குரங்குக்கு மருந்தில்லை, வயரை மட்டும் குழாய்க்குள் விடுங்கள்.

பரந்தன் சந்தி:
அக்கா, வயரை எதால் இறக்கினீர்கள்?

முல்லைக்கரை:
பின்கதவு றப்பருக்குள்ளால். உள்ளே போகுமுன் ஒரு தொய்வு விட்டால் மழைநீர் அதில் சொட்டிவிடும்.

பழைய வயர்மன்:
பனலிலிருந்து 6 சதுர மில்லிமீற்றர் வயர் காணும். கொன்ரோலரைப் பற்றரிக்குப் பக்கத்தில் வைத்து, அந்தத் துண்டுக்கு 10 போடுங்கள். பற்றரியின் நேர்முனைக்குக் கிட்டவே பியூஸ். இணைக்கும்போது பற்றரி முதலில், பனல் பிறகு. கழற்றும்போது மறுபக்கமாக. வேலை முடியும்வரை பனலைச் சாக்கால் மூடி வையுங்கள்.