ஃபைபர் மெஷின் நாரை எடுக்கவில்லை, எர்த்தைக் கழற்றலாமா?

சலிப்பறை_குன்னூர்
குன்னூர்ப் பக்கம் சிடிசி (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் முறை) டீ ஃபேக்டரி. டீத்தூளிலிருந்து நாரைப் பிரித்தெடுக்க, 6 பிவிசி (பிளாஸ்டிக்) ரோலர் உள்ள ஃபைபர் மெஷின். போன வாரம் ரோலர்களைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவினோம். 5, 6-ஆம் ரோலர்களுக்கு ஃபெல்ட் (ரோலரை உரசி மின்னூட்டம் ஏற்றும் தடித்த துணி) தேய்ந்திருந்ததால் புதிது போட்டோம். அதிலிருந்து நார் தூளோடு சேர்ந்தே போய்விடுகிறது. மத்தியானம் மூடுபனி விலகினால் லேசாக எடுக்கிறது, சாயங்காலம் மறுபடி ஒன்றுமில்லை. பாடிக்கு எர்த் கொடுத்திருப்பதால்தான் சார்ஜ் இறங்குகிறது, கழற்றிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். சரியா?

கோத்தகிரி_ஃபிட்டர்
எர்த்தில் கையே வைக்காதீர்கள். பிவிசி மின்கடத்தாப் பொருள். ஃபெல்ட் உரசி ஏறிய மின்னூட்டம் உரசிய இடத்திலேயே நிற்கும், ரோலர் பரப்பில் ஓடி பாடிக்கு வராது. அது இறங்குகிறது என்றால் பரப்பின் மேல் வேறு ஏதோ வழி விட்டிருக்கிறது என்று பொருள். எர்த்தைக் கழற்றினால் நார் கூடுதலாக வராது. மோட்டாரில் லீக்கேஜ் வந்தால் பாடியைத் தொடுபவருக்கு உயிர் ஆபத்து.

எனக்குச் சோப்பின் மேல்தான் சந்தேகம். ஒன்று செய்து பாருங்கள். 5 மில்லிமீட்டர் அளவில் காகிதத் துணுக்குகள் வெட்டுங்கள். ரோலரை 5 நிமிடம் ஓட்டி நிறுத்தி, 2 சென்டிமீட்டர் கீழே துணுக்குகளைப் பிடியுங்கள். எந்த ரோலருக்குத் தாவுகிறது, எதற்குத் தாவவில்லை என்று எழுதுங்கள்.

சலிப்பறை_குன்னூர்
காலை 7 மணிக்கு ஆறிலும் ஒன்றுகூடத் தாவவில்லை. மதியம் 1 முதல் 4 வரை அங்கங்கே தாவியது. 5, 6 அப்போதும் இல்லை.

மின்னூட்டம்
அப்படியானால் இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன.

முதலாவது சோப்பு. அது எவ்வளவு மெல்லிய படலமாக ஒட்டியிருந்தாலும் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரப்படலம்தான் மின்னூட்டத்துக்கு வழி. மூடுபனியில் படலம் தடிக்கும், வெயிலில் காயும். உங்கள் காலை, மதிய வித்தியாசம் இதுதான்.

ரோலர் எப்படி நாரை எடுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பளி ஃபெல்ட் உரசும்போது எலக்ட்ரான்கள் பிவிசிக்குப் போகின்றன, ரோலர் எதிர் மின்னூட்டம் பெறுகிறது. நாருக்கென்று தனி மின்னூட்டம் தேவையில்லை. ரோலருக்கு அருகில் வந்ததும் அதன் மேல்பக்கம் நேர், கீழ்ப்பக்கம் எதிர் என்று மின்னூட்டம் விலகி நிற்கும். கிட்டே இருக்கும் பக்கத்தின் ஈர்ப்பு, எட்ட இருக்கும் பக்கத்தின் விலக்கத்தை வெல்கிறது. நார் லேசானது, தூளைவிடச் சற்று ஈரம் கூடுதலாக வைத்திருப்பது, அதனால் முதலில் எழும்புகிறது. தூளே ஈரம் ஏறியிருந்தால் இந்த வித்தியாசம் குறைந்து, ரோலரில் தூளும் ஒட்டும். ட்ரையர் வாயில் தூளின் ஈரம் 3 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 5, 6-க்குப் போட்ட புது ஃபெல்ட். கம்பளியா, பாலியஸ்டரா? உரசல் வரிசையில் (உரசும்போது எலக்ட்ரானை விடுவதிலிருந்து வாங்குவதுவரை பொருள்களை அடுக்கிய பட்டியல்) பாலியஸ்டர் பிவிசிக்குப் பக்கத்தில் இருக்கிறது, கம்பளி எட்ட இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் இரண்டை எவ்வளவு உரசினாலும் மின்னூட்டம் கொஞ்சம்தான் பிரியும். ஓரத்தில் ஒரு நூல் பிய்த்து, சலிப்பறைக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. உருகி இறுகிய மணியாக நின்றால் பாலியஸ்டர்.

கோத்தகிரி_ஃபிட்டர்
ரோலரைச் சுத்தம் செய்யும் முறை: மெயின் சுவிட்சை அணையுங்கள். ரோலரைக் கழற்றி வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் 3 முறை அலசுங்கள். பஞ்சு உதிராத பருத்தித் துணியால் துடைத்து முழுக்க உலர விடுங்கள். கடைசியாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. தின்னர் வேண்டாம், பிவிசியைத் தின்றுவிடும். ஆல்கஹால் வாடை முழுக்கப் போகும்வரை மெஷினை ஓட்டக் கூடாது, உரசல் பொறியே அதைப் பற்றவைக்கப் போதும். ஹீட் கன்னும் வேண்டாம், ரோலர் வளைந்துவிடும்.

மாட்டியபின், ஃபெல்ட்டுக்கும் ரோலருக்கும் நடுவே காகிதப் பட்டை செருகி இழுத்துப் பாருங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே பிடிப்பு இருக்க வேண்டும்.

சலிப்பறை_குன்னூர்
அலசியபின் 1 முதல் 4 வரை காலையிலேயே துணுக்குகள் தாவுகின்றன. 5, 6 ஃபெல்ட் நூல் உருகி மணியாக நின்றது. கம்பளி ஃபெல்ட் வாங்கச் சொல்லிவிட்டோம். இன்னொன்று: சலிப்பறையில் ஹீட்டர் வைத்தால் பலன் உண்டா?

மின்னூட்டம்
உண்டு, ஜன்னலைச் சாத்தி வைத்தால். 15 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால், தண்ணீர் துளிகூடக் குறையாமலே ஈரப்பதம் சுமார் 51 சதவீதத்துக்கு இறங்கும். 60-க்குக் கீழே வைத்தால் ரோலர் நன்றாக வேலை செய்யும். ஆனால் கங்கு தெரியும் ஹீட்டரையோ கரி அடுப்பையோ உள்ளே வைக்காதீர்கள், பறக்கும் டீத்தூள் எரியக்கூடியது. வெளியே சூடாக்கிய காற்றைக் குழாய் வழியாக விடுங்கள். எரிந்த புகை கலக்கக் கூடாது, அதிலும் ஈரம் இருக்கிறது, தூளிலும் வாடை ஏறும்.

புது ஃபெல்ட் மாட்டிய அன்று தூள் விடாமல் அரை மணி நேரம் ஓட்டி, 5, 6-இல் மட்டும் துணுக்குச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.