என்விடியா ஆப், ஆட்ரினலின்: டிரைவர் மென்பொருளில் எதை இயக்கலாம், எதைத் தொடக் கூடாது?

சட்டகம்144 கேட்டது:
நண்பர்களே, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 போடப் போகிறேன். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், ஃப்ரீசிங்க் (ஃபிரேம் வரும் வேகத்துக்கேற்பத் திரை புதுப்பிப்பை மாற்றுவது) உண்டு. என்விடியா ஆப்பில் இருக்கும் வசதிகள் ஏஎம்டியின் டிரைவர் மென்பொருளான ஆட்ரினலினில் எந்தப் பெயரில் இருக்கின்றன? எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) வரம்பை எங்கே வைப்பது? பழைய டிரைவரை எப்படிச் சுத்தமாக எடுப்பது? போட்டி ஷூட்டர், கதை விளையாட்டு இரண்டுமே ஆடுவேன்.

கருந்திரை:
பெயர்ப் பட்டியலை வைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொரு வசதியும் ஃபிரேம் உருவாகும் வழியில் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று பாருங்கள். குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் (என்விடியா), எஃப்எஸ்ஆர் 4 (ஏஎம்டி) இரண்டும் விளையாட்டின் எஞ்சினுக்குள் இருப்பவை. எந்தப் பொருள் எந்தத் திசையில் நகர்கிறது என்ற தகவல் அவற்றுக்குக் கிடைக்கிறது. உயிர், தோட்டா எண்ணிக்கை காட்டும் எழுத்துகள் அதன் பிறகுதான் மேலே வரையப்படும். அதனால் அவை சிதைவதில்லை.

ஏஎஃப்எம்எஃப் (ஃபிரேம்களுக்கு நடுவே புதிதாகச் செருகுவது), ஆர்எஸ்ஆர் (படத்தைப் பெரிதாக்குவது) போன்ற ஏஎம்டி வசதிகள் டிரைவரில் இருப்பவை. அவற்றின் கைக்கு வருவது முடிந்துபோன படம் மட்டுமே. ஆர்எஸ்ஆர் எழுத்துகளையும் சேர்த்தே பெரிதாக்கும். ஏஎஃப்எம்எஃப் இடைச்செருகும் ஃபிரேம்களில், கேமராவை வேகமாகத் திருப்பினால் எழுத்துகளின் ஓரம் கலங்கும். விளையாட்டிலேயே எஃப்எஸ்ஆர் இருந்தால் இவை இரண்டையும் தொடவே வேண்டாம். எஃப்எஸ்ஆர் 3.1 உள்ள பல விளையாட்டுகளை ஆட்ரினலினில் அந்த விளையாட்டின் பக்கத்திலேயே எஃப்எஸ்ஆர் 4-க்கு மாற்றலாம். என்விடியா ஆப்பில் டிஎல்எஸ்எஸ் மாடலை மாற்றும் வசதிக்கு இணை இதுதான்.

ஏஎஃப்எம்எஃப் போடுவதாக இருந்தால், அது இல்லாமலே 60 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் வர வேண்டும். 35-ஐ 70 ஆக்கினால் கண்ணுக்கு 70 தெரியும். மவுஸ் 35-ஐவிட மந்தமாக இருக்கும், ஏனென்றால் அடுத்த ஃபிரேம் வரும்வரை இப்போதுள்ளதைப் பிடித்து வைத்துத்தான் நடுவில் ஒன்றை உருவாக்க முடியும். ஹைப்பர்-ஆர்எக்ஸ் பொத்தானைத் தவிர்த்துவிடுங்கள். அது பலவற்றை ஒரே தட்டில் இயக்கிவிடும். பிறகு சிக்கல் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆட்ரினலின் தெளிவாக முந்துவது ட்யூனிங்கில், அதாவது கார்டின் வேகம், மின்னழுத்தம் போன்றவற்றை மாற்றுவதில். என்விடியா ஆப்பில் தானியங்கி ட்யூனிங்கும் பவர், வெப்ப வரம்புகளும் உண்டு. மின்னழுத்த வளைவைத் திருத்த ஆஃப்டர்பர்னர் என்ற தனி மென்பொருள் வேண்டும். ஆட்ரினலினிலோ பெர்ஃபார்மன்ஸ், ட்யூனிங், கஸ்டம் என்று போனால் மின்னழுத்த ஆஃப்செட் அங்கேயே இருக்கிறது. -30 மில்லிவோல்ட்டில் தொடங்கி, பத்துப் பத்தாக இறக்குங்கள். கார்டு பவர் வரம்பில் முட்டிக்கொண்டிருந்தால், மின்னழுத்தம் குறைந்த மிச்சத்தில் கிளாக் வேகம் தானே ஏறும். பெஞ்ச்மார்க் ஒருமுறை ஓடி முடிந்ததை நம்பாதீர்கள். ரே டிரேசிங் உள்ள விளையாட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். டிரைவர் டைம்அவுட் (டிரைவர் பதில் தராமல் நின்றுபோவது) முதலில் அங்கேதான் தலைகாட்டும். கணினி திடீரென அணைந்தால் ட்யூனிங் இயல்புநிலைக்குத் திரும்பிவிடும். அதனால் ப்ரொஃபைலைக் கோப்பாகச் சேமித்து வையுங்கள்.

ஒத்திசைவு:
வரம்பு பற்றி. முதலில் மானிட்டரின் சொந்த மெனுவிலும் ஆட்ரினலினின் டிஸ்ப்ளே பக்கத்திலும் ஃப்ரீசிங்க் இயங்குகிறதா என்று பாருங்கள்; ஒன்று அணைந்திருந்தாலும் வேலை செய்யாது. பிறகு வரம்பு 141. 144-லேயே நிறுத்தினால் சில ஃபிரேம்கள் எல்லையைத் தாண்டிப் படம் கிழியும், அல்லது விசிங்க் (ஃபிரேமைத் திரையின் அடுத்த புதுப்பிப்புவரை காக்க வைப்பது) குறுக்கிட்டுத் தாமதம் கூடும்.

விளையாட்டுக்குள் வரம்பு இருந்தால் அதுதான் முதல் தேர்வு. எஞ்சின் உள்ளீட்டைப் படிப்பதற்கு முன்பே காத்திருப்பதால் தாமதம் குறைவு. இல்லையென்றால் ஆட்ரினலினில் எஃப்பிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தும் ரேடியான் சில்லில் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் 141 ஆக்குங்கள். சில் இயங்கும்போது ஆன்டி-லேக் (உள்ளீட்டுத் தாமதத்தைக் குறைக்கும் ஏஎம்டி வசதி) அணைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். விளையாட்டு, டிரைவர், ஆர்டிஎஸ்எஸ் (வரம்பு வைக்கும் தனி மென்பொருள்) என்று மூன்று இடத்தில் வரம்பு போடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஒன்றோடொன்று மோதி ஃபிரேம் இடைவெளி ஏறி இறங்கும். எண் 141 என்று காட்டினாலும் காட்சி திக்கும். ஏஎஃப்எம்எஃப் போட்டால் விளையாட்டுக்குள் 70 வையுங்கள், இரட்டிப்பாகி 140 வரும். சேர்த்த ஃபிரேம்கள் விளையாட்டின் கவுண்டரில் தெரியாது; ஆட்ரினலினின் ஓவர்லேயில்தான் (விளையாட்டின் மேல் தெரியும் பலகை) தெரியும்.

என்விடியாவிலேயே இருப்பவர்களுக்கு: ஜிசிங்க் (ஃப்ரீசிங்குக்கு இணை), விசிங்க், ரிஃப்ளெக்ஸ் (தாமதத்தைக் குறைப்பது) மூன்றும் சேர்ந்தால் 144 ஹெர்ட்ஸில் வரம்பு தானாக 138-க்கு வந்துவிடும். தனியாக ஒன்றும் வைக்க வேண்டாம். ஓவர்லேயில் கேம் ஃபில்டர் (படத்தின் நிறம், தோற்றத்தை மாற்றுவது) பயன்படுத்தாதவர்கள் அதை அணைத்துவிடுங்கள். பயன்படுத்தாவிட்டாலும் சில விளையாட்டுகளில் அது எஃப்பிஎஸ்ஸைத் தின்றதுண்டு.

சேஃப்மோட்:
டிரைவர் நீக்கம். புது டிரைவரையும், பழையதை முழுதாக நீக்கும் டிடியு என்ற கருவியையும் முதலிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இருந்தால் மீட்பு எண்ணைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் (விண்டோஸ் குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் தொடங்கும் நிலை) கேட்கக்கூடும். இணையத்தைத் துண்டியுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இணைப்பு இருந்தால் விண்டோஸ் அப்டேட் தன் பங்குக்கு ஒரு பழைய டிரைவரை உள்ளே தள்ளும். அதன்பின் பதிப்பு பொருந்தாமல் ஆட்ரினலின் திறக்க மறுக்கும்.

சேஃப் மோடில் டிடியுவைத் திறந்து என்விடியாவைத் தேர்ந்து, "சுத்தம் செய்து அணை" கொடுங்கள். கார்டை மாற்றுங்கள். ஆட்ரினலினை நிறுவி முடித்த பிறகே இணையம். நிறுவும்போது "டிரைவர் மட்டும்" என்பதைத் தேர்ந்தால் மேலே சொன்ன எந்த அமைப்பும் கிடைக்காது. முதல் நாள் விளையாட்டு திக்கினால் பதற வேண்டாம், ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) புதுக் கார்டுக்காகத் தொகுக்கப்படுகின்றன.

சட்டகம்144:
மிக்க நன்றி. போட்டி ஷூட்டரில் ஆன்டி-லேக் போட்டால் தடை வருமா?

கருந்திரை:
தடை வாங்கித் தந்தது ஆன்டி-லேக்+. அது விளையாட்டின் நிரலுக்குள் கைவைத்ததால் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இல் ஆட்டக்காரர்கள் தடைக்குள்ளானார்கள். 2023 அக்டோபரில் ஏஎம்டி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2024-இல் வந்த ஆன்டி-லேக் 2-ஐ விளையாட்டை உருவாக்குபவர்களே உள்ளே சேர்க்கிறார்கள். அதனால் விளையாட்டின் மெனுவில் அது இருந்தால் தாராளமாகப் போடுங்கள். ஏஎஃப்எம்எஃப் மட்டும் ஷூட்டரில் வேண்டாம்.