சுங்கை சிப்புட்டில் தமிழில் குடி மீட்புக் கூட்டம்: அறை கிடைக்குமா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து ஆட்களுக்காகத் தமிழில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட்டவர்களும் விட விரும்புபவர்களும் ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) கூட்டம் வாராவாரம் நடத்த இடம் தேடுகிறோம். பதினைந்து நாற்காலி, சாத்தக்கூடிய கதவு, தேநீருக்கு ஒரு பிளக் போதும். சிறு வாடகை கொடுத்துவிடுவோம். வெளியார் நன்கொடை வாங்காமல் உறுப்பினர்களே செலவைப் பார்த்துக்கொள்வதுதான் இதன் முறை. பாலாய் ராயா (ஊர்ப் பொது மண்டபம்) வேண்டாம். யார் நுழைகிறார் என்று ஊரே பார்க்கும், கூச்சப்பட்டு வரமாட்டார்கள்.

குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. கட்டணமில்லை, பேசாமல் கேட்டுக்கொண்டும் உட்காரலாம். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம், மூடியதற்கு முடியாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: தினமும் நிறையச் சம்சு (மலிவான சாராயம்) குடிப்பவரைத் திடீரென நிறுத்தச் சொல்லி வீட்டில் அடைக்காதீர்கள். கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் காய்ச்சலும் வந்தால் உயிருக்கே ஆபத்து, நேரே ஆஸ்பத்திரிதான். கை நடுங்கும்போதே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) காட்டுங்கள், கூட்டம் அப்புறம்.

பல ஆண்டாகக் குடிக்காமல் இருக்கும் தமிழ் பேசும் உறுப்பினர் ஒருவர், முதல் சில மாதம் வந்து வழிநடத்த வேண்டும். இரவில் ஆட்களை லயத்தில் (தோட்டத்துக் குடியிருப்பு வரிசையில்) இறக்க ஒரு வேனும் தேவை. தனிச் செய்தியில் எழுதுங்கள். யார் பெயரையும் இங்கே போடாதீர்கள்.